வெறுங்கால் மேடம்

குனிகிறார். வலது முழங்கால் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கிறது. "இரு, உனக்கென்ன அவசரம்?" என்று முழங்காலை அதட்டிவிட்டு, செருப்பின் பின்பட்டையில் இருக்கும் பக்கிளை நெம்புகிறார். அது கழன்றதும் இடது கால். இரண்டு செருப்பையும் ஜோடி சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, தோள்பைக்குள் திணித்துக்கொண்டு, புல்லில் முதல் அடியை வைக்கிறார். வைத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்தில் அரசாங்கம் வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

வெட்டவெளிகளைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றவும், காப்பாற்றிய இடத்தில் ஜனங்கள் நடக்கவும் உட்காரவும் பிள்ளைகள் ஓடியாடவும் வசதி செய்யவும் அரசு வருஷா வருஷம் ஒரு நிதி ஒதுக்குகிறது. ஏரிக்கரை, குன்று, தோப்பு, பழைய ரயில் தண்டவாளம் போன தடம் என்று ஊர் ஊராக மனு வரும். மனுவில் எல்லா ஊரும் சொர்க்கம்தான். நேரில் போய்ப் பார்த்து மார்க் போடுவது இவர் வேலை. ஒரு இடத்துக்கு ஒரே ஒரு விசிட். போட்ட மார்க் போட்டதுதான். பிறகு மந்திரியே வந்தாலும் மாற்ற முடியாது.

ரிப்போர்ட்டில் 'வந்த நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். மற்ற அதிகாரிகள் கார் நின்ற நேரத்தை எழுதுவார்கள். இவர் செருப்பு கழன்ற நேரத்தை எழுதுவார். ஒருமுறை ஒரு மலையடிவாரத்துக்குப் போய் இறங்கியதும் பேய்மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் செருப்போடு நின்று, இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி போனார். ஒரே இடத்துக்கு இரண்டு விசிட்டா என்று மேலதிகாரி கேட்டதற்கு, "முதல் தடவை நான் வரவே இல்லையே சார். செருப்பு கால்லதான் இருந்துச்சு" என்றார். மேலதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி போ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

இவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலைமுடியை ஒரு பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பார்; எழுத வேண்டியபோது பென்சில் கைக்கு வரும், கொண்டை தோளுக்கு வரும். கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் கார் வேகமாகப் போனால் அவருடைய வலது கால் பிரேக் போடும். மகளுக்குத் தரைவிரிப்புக் கடையில் விற்பனை வேலை. "நான் ஊர்ல இருக்கிற தரையெல்லாம் மூடிட்டிருக்கேன், எங்கம்மா இருக்கிற தரையையெல்லாம் மிதிச்சிட்டிருக்காங்க" என்பாள். மேடம் வேலை முடிந்து வீட்டு வாசலில் நின்றதுமே உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்கும்: "காலைக் கழுவிட்டு வா! நீ கொண்டுவந்த மண்ணை வச்சு இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்."

அலுவலகத்துக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. குடை வைக்கும் வாளியில் வரைபடங்களைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். நாடு முழுக்கக் காட்டைக் காப்பாற்றும் அந்த அறையின் ஜன்னலில், தொட்டிச் செடி ஒன்று தண்ணீர் காணாமல் செத்துக் கிடந்தது. "அதுக்கு மனு வரலை" என்றார் மேடம்.

வெறுங்கால் எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. "கண்ணுக்குப் பச்சையாக் காட்டிடலாம் சார். காலுக்குக் காட்ட முடியாது" என்பார். ஒரு பெரிய ஊரில் 'இயற்கைப் புல்வெளி' என்று ஒரு மைதானத்தைக் காட்டினார்கள். பார்த்தால் பச்சைப் பட்டுப்புடவை விரித்த மாதிரி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மேடத்தின் குதிகால் பத்தாவது அடியில் எதிலோ இடித்தது. குனிந்து புல்லைப் பிடித்து இழுத்தார். புல் பாய் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் இடித்த கட்டடத்தின் ஓடும் செங்கல்லும். ஊர்த் தலைவர் வழிந்தார், குழைந்தார், அடுத்த மாதம் எல்லாவற்றையும் அள்ளிவிடுவதாகச் சத்தியம் செய்தார். "அள்ளுங்க, நல்லது. ஆனா நான் இன்னைக்குப் பார்த்தாச்சே" என்று சொல்லி, கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். அந்த ஊருக்குக் காலணாகூட வரவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மேடத்தைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தால் வம்பும் வந்திருக்கிறது. ஒரு ஊரில் தலைவருக்கும் இவருக்கும் வரைபடத்தைப் பற்றிப் பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேடம் குனிந்து செருப்பைக் கழற்ற, தலைவர் இரண்டடி பின்னால் பாய்ந்து தன் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். "நான் நடக்கத்தான் கழட்டினேன் சார்னு சொல்றேன், அவர் வெளியவே வரலை" என்று சொல்லும்போது மேடத்துக்குச் சிரிப்பு தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிடும்.

பக்கிள் இல்லாத செருப்பு போட்டால் முழங்காலுக்கு நிம்மதிதானே என்று நானும் கேட்டேன். "கழட்டறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கணும். அப்போதான் யோசிச்சு இறங்குவோம். இறங்கிட்டா பார்த்ததை எழுதணும், எழுதினா முடிஞ்சது" என்றார்.

போன மாதம் ஒரு நாள், "மேல்வீட்டு சார், பேனாவையே பிடிச்சிட்டு உக்காந்திருந்தா எப்படி, ஒரு நல்ல இடம் காட்டறேன் வாங்க" என்று என்னையும் கிளப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அவர் எடுத்துக்கொண்டார். பையிலிருந்து பிஸ்கட், துண்டு, குடை, முள் எடுக்க ஊக்கு, கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்து, இருக்கிறதா என்று பார்த்து, பிஸ்கட்டைத் தவிர மற்றதை உள்ளே வைத்தார். இந்த வருஷத்து விசிட்டுகள் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எங்கே எப்போது போவது என்பது அவர் இஷ்டம். ஆனால் இந்த ஊர் மனு வந்த நாளிலிருந்தே அவருக்குக் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

ஊரின் கடைசித் தெருவுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம். முழுக்க ஆளுயர நாணல். நாணலுக்குள் நீர்க்கோழிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நடுவே பலகையால் ஒரு நடைபாதை போட்டால், வீல்சேரில் இருப்பவர்கூட உள்ளே போய்ப் பறவை பார்க்கலாம். நிலம் ஒரு தனியாருடையது. அவரும் நல்ல மனுஷர்தான். இந்த வருஷ நிதி கிடைத்தால் ஊருக்கே விற்கிறேன் என்று சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் லாரி கம்பெனி ஒன்று அட்வான்ஸோடு காத்திருக்கிறது. மண்ணைக் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது.

மனுவோடு அலைந்தவர் அந்த ஊர்க் கமிட்டிச் செயலாளர். சலூன் கடை வைத்திருக்கிறார். கடையில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும், தப்பித்து ஓட முடியாதபடி போர்வையைக் கட்டிய பிறகு, நாணல் புராணத்தை ஆரம்பித்துக் கையெழுத்து வாங்கியவர். "மார்க்குல பாதி அந்த நாணலுக்குத்தான் சார். அதை நான் கண்ணால பார்த்து, கால் வச்சுட்டேன்னா போதும், அவங்களுக்குக் கிடைச்ச மாதிரிதான்" என்றார் மேடம். பஸ் முழுக்க அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிற களை.

ஊர் வாசலிலேயே கமிட்டி காத்திருந்தது. செயலாளர் வெள்ளைச் சட்டையில், எண்ணெய் தடவி வகிடெடுத்து, பரீட்சைக்கு வந்த மாணவர் மாதிரி நின்றார். கூட ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. கடைசித் தெருவைத் தாண்டி, தார் ரோடு முடியும் இடம்வரை நடந்தோம். மேடம் பேசிக்கொண்டே குனிந்தார். 'டக்'. வலது பக்கிள் கழன்றது. அப்போதுதான் தலையைத் தூக்கி எதிரே பார்த்தார்.

நாணல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, முழங்கால் உயரத்துக்கு, ஒரே மட்டமாகக் கத்தரித்து வைத்திருந்தார்கள். ஓரங்களைச் சீவி, மூலைகளை ஒதுக்கி, அவ்வளவு நறுவிசு. நடுவில் திறந்த தண்ணீரில் ஒரு நீர்க்கோழி மட்டும், ஊருக்கு வந்து பூட்டிய வீட்டைப் பார்த்து நிற்கும் விருந்தாளி மாதிரி, இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது.

மேடம் மெதுவாக நிமிர்ந்தார். கழன்ற பட்டை காலோரம் தொங்கியது.

"என்னங்க இது?"

"நல்லா இருக்குங்களா மேடம்?" என்றார் செயலாளர். முகமெல்லாம் பெருமை. "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் ஊரே இறங்கிருச்சுங்க. ஒரே காடா, பரட்டையா கிடந்துச்சு. பெரிய இடத்துலேர்ந்து வர்றவங்களுக்கு அப்படியே காட்டினா மரியாதையா இருக்குமா? மூணு நாளா வெட்டினோம். ஓரம் எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன்."

அந்த மனுஷர் தன் கையால், தன் கைத்தொழிலின் முழுத் திறமையையும் காட்டி, தான் அலைந்து திரிந்து வாங்கப் பார்த்த நிதியைக் கத்தரித்துப் போட்டிருக்கிறார். நர்ஸ் அம்மாவுக்குத்தான் முதலில் ஏதோ புரிந்தது. "நான் அப்பவே சொன்னேன், அந்தக் கோழிங்க எங்கே போகும்னு" என்று முணுமுணுத்தார். மருந்துக்கடைக்காரர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார், நாணலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

செயலாளரின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. "தப்பு பண்ணிட்டோங்களா மேடம்?"

மேடம் காலோரம் தொங்கிய பட்டையைப் பார்த்தார். இவர் செருப்பைக் கழற்றி ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், விசிட் ஆரம்பித்துவிடும். கண்டதை எழுதியாக வேண்டும். நாணலுக்கு மார்க் பூஜ்யம், நிலம் லாரிக்கு. புல்பாய் விரித்த ஊருக்கு ஒரு நியாயம், இந்த ஊருக்கு ஒரு நியாயம் என்று பேசுகிற ஆளும் இல்லை இவர். அது தெரிந்தும், 'பாவம், அறியாமல் செய்துவிட்டார்கள், விட்டுவிடுங்களேன்' என்று கெஞ்ச என் வாய் துடித்தது. கீழ்வீட்டில் குடியிருக்கிறார் என்ற உரிமை அதற்குப் போதுமா என்று தெரியாமல் நின்றேன்.

"கூட்டுல முட்டை, குஞ்சு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லைங்க. குஞ்செல்லாம் பெருசாகிப் போனதுக்கு அப்புறம்தாங்க கை வச்சோம். அதுல சுத்தமா இருந்தோம்."

"வேரோட பிடுங்கினீங்களா?"

"ஐயோ, இல்லைங்க மேடம்! மொட்டையெல்லாம் அடிக்கலை. கிராப்புதான்."

மேடம் தார் ரோட்டின் விளிம்பில் நின்றபடியே குடையை நீட்டி, எட்டிய ஒரு நாணல் கட்டையின் தலையை விலக்கிப் பார்த்தார். வெட்டுவாயின் நடுவில் விரல்நகம் அளவுக்குப் பச்சையாக ஒரு குருத்து.

"நீங்க சொல்லுங்க. ஒட்ட கிராப்பு வெட்டின தலை, மறுபடி சீப்பு நிக்கிற அளவுக்கு வளர எவ்வளவு நாளாகும்?"

தொழில் கேள்வி என்றதும் அந்தக் கலவரத்திலும் செயலாளருக்குக் குரல் வந்துவிட்டது. "ஆளைப் பொறுத்துங்க. நல்ல சத்தான தலைன்னா ஒன்றரை மாசம் போதும்." சொல்லிவிட்டு, இதை எதற்குக் கேட்கிறார் என்று விளங்காமல் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நல்ல சத்தான தலைதான்" என்றார் மேடம்.

பிறகு குனிந்தார். 'டக்' என்றது முழங்கால். இந்தமுறை அதை அதட்டவில்லை. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் தொங்கிக்கொண்டிருந்த பட்டையை எடுத்துக் குதிகாலைச் சுற்றி இழுத்து, வழக்கமாகப் போடும் ஓட்டையை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த ஓட்டையில் பக்கிளை இறுக்கி மாட்டினார்.