அமைதியான தீவில் தூக்கமில்லை

இன்று மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பேருந்தில், அருகிலிருந்த மிளகு விவசாயியிடம், விடுமுறைக்கு அந்தமானில் ஒரு சிறு தீவுக்குச் செல்வதாகச் சொன்னேன். அங்கே முழு அமைதி என்றேன்.

“ஏனுங்க சார், எம்பையன் அந்தத் தீவுலதான் ஓட்டல்ல சமைக்கிறான். அலை ஒரு நிமிசம் ஓயாதுங்களாம், கூடவே ஜெனரேட்டர் வேற. தூங்கியே நாளாச்சுங்கறான்.”

மகன் வீட்டுக்குப் போன் செய்தால், “எதுவும் பேசாதீங்கப்பா, போனை மொளகுக் கொடிக்கிட்ட வெச்சுட்டுப் போங்க, நம்ம தோட்டத்து அமைதியைக் கொஞ்சம் கேட்டுக்கறேன்” என்பானாம். இவரும் வைத்துவிட்டு, அவன் துண்டிக்கும்வரை தள்ளி நிற்பாராம்.

“வந்துரு சாமின்னு சொல்லிப்போடலாமுங்களா? இங்க வேலை ஏதுங்க?”



அவன் தூக்கத்தைத் தொலைத்த இடத்தில் நிம்மதியாகத் தூங்க நான் முன்பதிவு செய்திருக்கிறேன். அதை ரத்து செய்வதா வேண்டாமா என்பது என் பாடு. அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுதவும்.