டேங்கருக்கு அடியில் ஓர் ஆள்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தானே ஓடும் சோதனைக் கார், வளைவிலிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தைக் கண்டாலே சடக்கென்று நின்றுவிடும். சாலையில் ஒரு ஈ, காக்கை இருக்காது. கூரையில் சுழலும் லேசர் கருவி, ஒளி பட்டுத் திரும்பும் புள்ளிகளைக் கொண்டு தெருவை முப்பரிமாணத்தில் வரைகிறது. கண்ணாடியில் பட்ட ஒளி திசைமாறி நடைபாதை ஆளைத் தொட்டு வந்தால், சுவருக்கு அப்பாலும் ஒருவன் நிற்பதாகக் கார் நம்பிவிடும். இந்தப் பொய் ஆட்களைப் பிடித்து அழிப்பதுதான் என் வேலை. காசிமேட்டுக்காரனுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்! பளபளக்கும் பரப்புக்குப் பின்னால் எது தெரிந்தாலும் பொய் என்று ஒரு விதி எழுதினேன். வீண் பிரேக் நின்றது. மேலதிகாரி க்ரேட்டா கை குலுக்கினார். எல்லாக் கார்களுக்கும் அதை அனுப்புமுன் சென்னையிலும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நின்ற லாரி வரிசையில் எவர்சில்வர் டேங்கர்கள் கண்ணைக் கூசவைத்தன. என் திரையிலோ ஒரு பொய் ஆள்கூட இல்லை. காரை ஓரங்கட்டி, கருவியை ஓடவிட்டு, டீ குடிக்க இறங்கினேன்.

"இன்னா மாமு, ஃபாரின் போனா கண்ணு தெரியாதா? கீய பாரு!"

குனிந்தேன். பாமாயில் டேங்கருக்கு அடியில், நிழலில் காலை நீட்டி மீன்குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தான் டில்லி. என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது அந்த வண்டியின் டிரைவர். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். டில்லி அங்கே இல்லை. டேங்கரின் பளபளப்புக்குப் பின்னால் தெரிந்ததால் என் விதி அவனை அழித்திருந்தது. அவனிடம் போய்ச் சொன்னேன்.

"நான் இல்லியா? அப்ப இந்தச் சோத்த எவன் துன்றான்?" என்று சிரித்தான்.

வரிசை நகரும் நேரம் வந்தது. எந்த டிரைவரும் உடனே வண்டியை எடுக்கவில்லை. ஸ்பேனரால் டேங்கரில் இரண்டு தட்டு, "கீய எவனாச்சும் கீறியா?" என்று ஒரு குரல். இந்தப் பக்கம் குந்திப் பார்த்து, சுற்றிப்போய் அந்தப் பக்கமும் குந்திப் பார்த்தார்கள். டில்லியும் தட்டினான்.

"நீதானே அடியில இருந்த? இப்ப யாரைத் தேடுற?"

"நான் வெளிய வந்துட்டா ஆச்சா? வேற எவனாச்சும் நெயலுக்குப் பூந்திருந்தா?"

அசந்துபோனேன். ஆள் இல்லை என்று நான் தொடங்குகிறேன். இவர்கள் ஆள் இருக்கிறான் என்று தொடங்குகிறார்கள்.

ஜெர்மனி திரும்பி க்ரேட்டாவிடம் சொன்னேன். "அங்கே உட்காரத் தடை என்று பலகை இல்லையா?" என்றார்.

"இருக்கிறது. அந்தப் பலகையின் நிழலிலும் உட்காருவார்கள்."

நான் என் ஊரைக் குறைசொல்வதாக நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் விதியை அன்றே நிறுத்தினார். "ஒருவரை அழித்தாலும் அது தவறான விதி." பல மாத உழைப்பு போயிற்று, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இந்த ஜெர்மன் ஊரை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான்.

புதிய விதி டில்லி போன்ற டிரைவர்களுடையது. கார் சற்று நகர்ந்து இன்னோர் இடத்திலிருந்தும் பார்க்கும். பொய் என்று உறுதியாகும்வரை எல்லாரும் ஆள்தான். எண்ணூர்ப் பதிவை அதில் ஓட்டிவிட்டு டில்லிக்கு போன் செய்தேன்.

"இப்ப கீறனா?"

"இருக்கடா. காலை நீட்டிக்கிட்டு இருக்க."

"சோக்கு! நீ எங்க கீற?"

திரையில் தேடினேன். டேங்கர் முன்னால் குனிந்தபடி ஒரு நான், டேங்கரின் வயிற்றுக்குள் இன்னொரு நான். கார் அப்போது ஓரத்தில் நின்றிருந்ததால், இன்னோர் இடத்திலிருந்து பார்க்க அதற்கு வழியில்லை. எது பொய் என்று தெரியாமல் இரண்டு பேரையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறது.