தேசப்பன் என்று யாரும் இல்லை

குவைத்தில் லாரியில் ஏறுவதற்கு முன்னால் நான் செய்ய வேண்டியிருந்த முதல் காரியம், ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்ன பாட்டிலில் சிறுநீர் பிடித்துக் கொடுப்பது. வெள்ளை ஓடு பதித்த அறை. கதவைச் சாத்தினார்கள், சாத்திய பிறகும் ஓர் ஆள் உள்ளே நின்றான். பார்ப்பதுதான் அவன் வேலை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இந்தக் காரியத்துக்குக் கதவும் கிடையாது, சுவரும் கிடையாது. விடிந்தால் ஆண்கள் கடலைப் பார்த்துக் குந்துவார்கள். பக்கத்தில் இருப்பது யார் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வெட்டவெளியில் ஒருநாளும் வராத கூச்சம் மூடிய அறைக்குள் வந்தது. குழாயைத் திறந்துவிடச் சொல்லிச் சைகை காட்டினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் பாட்டில் நிறைந்தது.

எனக்கு முன்னால் வந்த டிரைவர் ஒருவன் அபின் தின்றுவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டதால், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சோதனை. அதை முடித்தால் விசாரணை. அலுவலகக் கிளார்க் குரியன் மலையாளி. மேலாளரான எகிப்துக்காரர் அரபியில் கேட்பதை அவர் தமக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். தமிழ் தீர்ந்துபோன இடத்தில் மலையாளம் வரும்.

"லஹரி உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு சார். லாரிதான். ரொம்ப வருசமா."

குரியனின் பேனா நின்றுவிட்டது. "தினமும்?"

"தினமும் சார். லாரி இல்லன்னா எனக்குச் சோறு இல்ல."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு கையை வாயருகே கொண்டுபோய் இழுத்துப் புகைவிடுவது போல் காட்டினார். லஹரி என்றால் போதை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாஸ்போர்ட்டை, ஊரில் நான் லாரி ஓட்டிய மீஞ்சூர் ஐஸ் கம்பெனி முகவரியில் எடுத்திருந்தேன். பிறந்த ஊர் எது, அங்கே வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னேன். வழக்கு இல்லை என்றேன். இரண்டும் உண்மை.

சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் வரவில்லை. லாரியைக் கொடுத்தார்கள். சாலைக்குப் பழகத் தொடங்கியிருந்த நேரத்தில் ஒருநாள் காலை குரியன் கூப்பிட்டனுப்பினார். என்னை வேலைக்கு அனுப்பிய மெட்ராஸ் ஏஜென்சி, ஊருக்கு ஆளை அனுப்பி விசாரித்திருந்தது. அந்தக் குப்பத்தில் தேசப்பன் என்று லாரி ஓட்டுகிறவன் யாரும் கிடையாது, இருந்ததும் கிடையாது என்று தகவல் வந்திருந்தது. "நீ ஆராணு?" என்று குரியன் கேட்டார். மேலாளர் என் சாவியை வாங்கி மேசைக்குள் போட்டார். மறு தகவல் வரும்வரை பணிமனையில் வண்டி கழுவும் வேலை. சரியான தகவல் வராவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ஊருக்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த ஊர் என்னை இல்லை என்று சொல்லிவிட்டதே.

பழவேற்காட்டு பாய் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பியபோது, வீட்டில் பேசிக் கொடுத்த கேசட்டைக் கொண்டுவந்தார். அறையில் இருந்த டேப்ரிக்கார்டரில் போட்டேன். அலைச் சத்தம், காக்காய்ச் சத்தம், பிறகு நைனாவின் குரல்.

"டேய் தேசப்பா, நைனா பேசறேன்டா. ஒரு ஆளு வந்தான்பா. காக்கி பேன்ட்டு, பூட்சு, இம்மாம் பெரிய மீசை. பைக்க அக்கரையில வுட்டுட்டு தோணில வந்தான். 'தேசப்பன் யாரு, கஞ்சா அடிப்பானா, இன்னா கேசு கீது'ன்னு கேக்கறான். நீ அங்க இன்னாவோ மாட்டிக்கினன்னு எனக்கு அப்பவே பிரிஞ்சிபோச்சி. 'அந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாது சார்'னுட்டேன். பக்கத்துல நின்னவன் பேரும் தேசப்பன்தான். அவனும் 'கெடையாது சார்'ன்றான்! குப்பம் முச்சூடும் ஒரே பேச்சு. உங்கம்மாகூட, 'எனக்குப் பொட்டப் புள்ளைங்கதான், ஆம்பளப் புள்ள கெடையாது'ன்னு சொல்லிச்சி. நீ தெகிரியமா இரு. எவன் கேட்டாலும் ஊர் பேர மட்டும் சொல்லாத."

ஏஜென்சி ஆளைப் போலீஸ் என்று நினைத்துவிட்ட அவரைக் குறை சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் ஏரியில் இறால் பிடிக்கும் இடத்துக்காக எங்களுக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் அடிதடி நடந்தது. நான் அன்று இறால் லோடோடு மெட்ராசில் இருந்தேன். போலீஸ் வந்து கேட்டபோது யாரோ ஒருவர் வெள்ளந்தியாக என் பெரியப்பா மகன் கன்னியப்பனின் வீட்டைக் காட்டிவிட்டார். அடிதடிக்கே போகாத அவன், ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு வலது கையால் துடுப்பு வலிக்க அவனால் முடியவில்லை. காக்கி போட்டவன் யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் 'இல்லை' என்பது அன்றிலிருந்து குப்பத்தின் வழக்கம். அந்த வழக்கப்படி, என்மேல் இருந்த பாசத்தால், எல்லோரும் சேர்ந்து என்னை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

கேசட்டைக் குரியனிடம் கொண்டுபோனேன். கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேலாளரிடம் அழைத்துப் போனார். மேலாளர் ஒரு சொல்லும் புரியாமல் முழுதும் கேட்டார். அவர்கள் அரபியில் பேசிக்கொண்டதைக் குரியன் பின்னால் எனக்குச் சொன்னார்.

"இது யார்?"

"இவனுடைய தகப்பனார்."

"என்ன சொல்கிறார்?"

"தமக்கு இப்படி ஒரு மகனே இல்லை என்று சொல்லிவிட்டாராம்."

மேலாளர் என்னைப் பார்த்தார். குரியன் அரபியில் மேலும் ஏதோ விளக்கினார். மேலாளர் தாடையைத் தடவிக்கொண்டார். என் சாவி மேசைக்குள்ளேயே இருந்தது. ஏஜென்சி இன்னொரு முறை விசாரிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

உண்மையைச் சொல்லச் சொல்லி நானும் ஒரு கேசட் பேசி அனுப்பினேன். யாரும் நம்பவில்லை. யாரோ மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்று நைனா முடிவு கட்டிவிட்டார். அம்மா மட்டும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அதுவரை மெட்ராசுக்குத் தனியாகப் போயிராத அவள், என் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு ஏரியைக் கடந்து, பஸ் மாறி, ஏஜென்சி வாசலில் போய் நின்றிருக்கிறாள். அங்கே நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள்.

"இவன் என் புள்ள சாமி. அன்னிக்கி இல்லன்னு சொன்னவ நான்தான். சொன்ன வாய் ராவும் பகலும் எரியுது. கேசும் கெடையாது, கஞ்சாவும் கெடையாது. பீடி குடிப்பான், அதுவும் அவங்க நைனாவுக்குத் தெரியாம. எதையும் மறைக்கல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார்கள். தகவல் இங்கே வந்தபோது, பீடி என்றால் என்ன என்று மேலாளர் குரியனைக் கேட்டார். குரியன் விளக்கினார். மேலாளர் தம் சிகரெட் பெட்டியை என் பக்கம் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். மேசை இழுப்பறையைத் திறந்தார். அன்று பிற்பகலே சிமெண்டு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சென்ற முறை விடுமுறையில் போனபோது அம்மன் திருவிழா. தேர்வடம் பிடிப்பவர்களின் பெயர்களை மைக்கில் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒவ்வொருவரும் "கீறேன்" என்று குரல் கொடுத்தார்கள். மணலில் நைனாவுக்குப் பக்கத்தில், குவைத்திலிருந்து கொண்டுவந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

"லாரிக்கார தேசப்பன்!"

நான் வாய் திறப்பதற்குள் நைனா பழக்கத்தில் உரக்கச் சொன்னார்: "அவன் கொய்த்துல கீறான்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் கையைத் தூக்கினேன். மைக்கில் படித்தவர் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.