சம்பளம் கேட்டதும் பயமுறுத்திய முக்காடு

மெல்போர்ன் புறநகரில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் உபா ஏழு மாதம் சல்லிக்காசு வாங்காமல் உழைத்தாள். முதலில் படிப்போடு சேர்ந்த பயிற்சி. அது முடிந்ததும், "கூடவே இரு, இடம் காலியானா உனக்குத்தான்" என்று மேலாளர் லியான் சொன்னதை நம்பித் தொண்டு. சோமாலியாவிலிருந்து வந்த நாளாக அவள் கேட்ட வாக்குறுதிகளை அடுக்கினால் கூரையை முட்டும். ஆனாலும் இதை நம்பினாள்.

இடம் காலியானது. லியான் அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்ல கண்ணு. ஆனா இங்க இருக்கிறவங்கல்லாம் பழைய காலத்து ஆளுங்க. முக்காட்டைப் பார்த்தா மிரளுவாங்க. நான் அப்படி நினைக்கல, தப்பா எடுத்துக்காத."

இத்தனை நாளும் அதே முக்காட்டோடு அவர்களைக் குளிப்பாட்டியது யாராம்? அப்போது மிரளாத கிழங்கள் சம்பளம் என்றதும் மிரளுமா? கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை ஒரு புதுப் பெண்ணுக்குப் போனது. ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே உபாதான். வயிறு எரியாதா?

அந்த வாரமே லியானிடமிருந்து போன்.

"நீ பார்த்துக்கிட்ட மேவிஸ் பாட்டி சாப்பிட மாட்டேங்கிறாங்க. யார் ஊட்டினாலும் துப்புறாங்க. முக்காடு போட்ட பொண்ணு எங்கன்னு ஒரே பாட்டு. சும்மா, தொண்டா, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயேன்."

பக்கத்திலிருந்து கேட்ட தங்கை நிம்கோ கொதித்துவிட்டாள். "போகாதக்கா! கொஞ்சமாவது வெக்கம் வேணாம் அவங்களுக்கு?"

உபாவுக்கும் ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் பட்டினி கிடப்பது லியான் இல்லையே. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளைக் கண்டதும் மேவிஸ் வாயைத் திறந்தாள். பாதிக் கிண்ணம் சூப் உள்ளே போனது. லியான் கதவோரம் தலையை நீட்டினாள்.

"வந்ததுதான் வந்த, பக்கத்து அறை பெர்ட்டையும் கொஞ்சம் கவனிச்சிடேன்."

"நான் மேவிஸைப் பார்க்க வந்த விருந்தாளி. வர்றவங்களுக்கு இங்க டீ குடுப்பீங்கதானே? எனக்குப் பால் ஊத்தி, சர்க்கரை தூக்கலா."

லியானுக்கு முகம் சிவந்துவிட்டது. போய் டீயோடு திரும்பினாள்.

மேவிஸ் கரண்டியை விலக்கிவிட்டு உபாவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கும் வேலைக்கு வருவேல்ல?"

"எனக்கென்னம்மா தெரியும்? என்னைப் பார்த்தா உங்களுக்குப் பயமாம். லியான் சொன்னாங்க."

"எனக்கா?" மேவிஸ் லியான் பக்கம் திரும்பினாள். "எப்போ சொன்னேன்?"

டீக்கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் லியான் நின்றாள்.