மூன்றாவது கியரைப் பிடித்திருந்த கை

பெரும்படப்புப் பாலத்தில் கார் ஏறத் தொடங்கியதும் என் வலது கை தன் பாட்டுக்குக் கியர் பக்கம் போனது.

"கையை எடு சாந்தி. இனி பிடிக்கண்டா. உள்ள எல்லாம் புதுசு" என்றார் என் வீட்டுக்காரர்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாதி ஏற்றம்கூடப் போயிருக்க மாட்டோம்... டக். மூன்றாவது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. என்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒண்ணும் செய்யல" என்றேன். அதுதான் பிரச்சினை என்று அப்போது எனக்கே தெரியாது.

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் முதல்முறை படிக்கிறீர்கள் என்றால் ஒரு சின்ன அறிமுகம். நான் தஞ்சாவூர்க்காரி. கல்யாணமாகி வந்த ஊர் கொச்சியில் மட்டாஞ்சேரி. வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேனேஜர். எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹாண்ட் கியர் என்பார்களே, அந்த வகை.

அந்த மூன்றாவது கியர் பல வருடங்களாகவே நிற்காது. போட்ட கொஞ்ச நேரத்தில் கழன்று வந்துவிடும். இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால், கியர் சாடும். வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தாக வேண்டும். ஆகவே அவர் மூன்றாவது போடுவார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வேன். பள்ளுருத்தி ஜங்ஷன் வரை பிடித்தபடியே கதை பேசிக்கொண்டு போவோம். பார்ப்பவர்கள் என்ன நினைத்தார்களோ... எங்களுக்குப் பழகிவிட்டது.

இதில் எனக்கொரு லாபம் இருந்தது. முன் ஸீட்!

என் நாத்தனார் ராஜி அக்காவும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். முழங்காலில் வலி, காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். நியாயமாக முன் ஸீட் அவருக்குச் சேர வேண்டியது. கியருக்கு ஆள் வேண்டுமே என்பதற்காக அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை கும்பளங்கியில் இருக்கும் அவருடைய மகள் வீட்டுக்குப் போவோம். அந்த வழி முழுக்கக் காயலும் காற்றும் எனக்கு, கண்ணெதிரே தெரியும் என் கொண்டை அவருக்கு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கியர் பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்தே தீருவது என்று வீட்டுக்காரர் ஒருநாள் முடிவெடுத்தார். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்ததன் விளைவு.

"அப்ப இனி கியர் பிடிக்க ஆள் வேண்டா, அல்லே?" என்று அன்றைக்கே கேட்டார் ராஜி அக்கா. குரலில் ஒரு சந்தோஷம். யார்தான் குறை சொல்ல முடியும்?

மெக்கானிக் முருகேசன். கொச்சங்காடியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றில் ஒர்க்‌ஷாப். எப்போதும் வெள்ளைச் சட்டை. கிரீஸ் வேலை செய்பவருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்டால், "கறை பட்டா வேலை தெரியாதவன்னு அர்த்தம்" என்பார். தன்னைப் பற்றித் தனக்கு நல்ல அபிப்பிராயம் உள்ள மனிதர்.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வருடத்தைப் பார்த்து முதலில் பார்ட்ஸ் வரவழைத்தார். கியர் மாறும்போது இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்க உள்ளே பித்தளை வளையங்கள் இருக்குமாம் — சிங்க்ரோ ரிங். வந்த வளையம் உட்காரவே இல்லை. அடுத்ததும் உட்காரவில்லை. வெள்ளைச் சட்டை முதல்முறையாக வியர்த்தது.

பிறகுதான் பாக்ஸையே விசாரிக்க ஆரம்பித்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, கரி பிடித்த மூடிக்கு அடியில் வார்ப்பிலேயே வந்திருந்த எழுத்துகளைக் கண்டுபிடித்தார். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் பற்களையும் எண்ணினார். முன் ஷாஃப்டைக் கையால் சுற்றி, பின் ஷாஃப்ட் ஒரு சுற்று வர இது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்தார். எல்லாவற்றையும் போட்டோ பிடித்து அதே குரூப்பில் போட்டார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பதில் அனுப்பினார். இந்த பாக்ஸ் இந்தக் காருக்கு உரியதே அல்ல. அதற்கும் பழைய மாடலில் இருந்து யாரோ எடுத்து மாட்டியது. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வளையம் முதற்கொண்டு வேறு.

வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "எண்ட வண்டிக்குள்ள வேற வண்டியோட பாக்ஸா?" என்று இரண்டு நாள் புலம்பினார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மட்டாஞ்சேரியில் இவரைத் தமிழர் என்கிறார்கள். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனால் என் சொந்தக்காரர்கள் மலையாளத்தான் என்கிறார்கள். அதற்காக மனிதர் ஓடாமல் நின்றுவிட்டாரா என்ன?

பாக்ஸ் யார் என்று தெரிந்தபின் வேலை ஓடியது. கோயம்புத்தூரில் இருந்து சரியான வளையங்கள் பஸ் பார்சலில் வந்தன. புது பேரிங், புது ஃபோர்க், கியரைக் கவ்வி நிறுத்தும் குண்டுக்குப் புது ஸ்பிரிங். ஊசி ஊசியாக இருக்கும் சின்ன ரோலர்களை கிரீஸில் ஒட்டி ஒட்டி முருகேசன் அடுக்கியதை அருகில் நின்று பார்த்தேன். ஒன்று சரிந்தால் முதலில் இருந்து அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் பெருமையெதுவும் பேசவில்லை.

மூடி, பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சேச்சி, இனி இதை யாரும் பிடிக்கண்டா. நான் கட்டின பெட்டி சாடாது, கேட்டோ."

அதற்கப்புறம்தான் பெரும்படப்புப் பாலம். டக்.

முருகேசன் நம்பவில்லை. தானே ஓட்டிப் பார்த்தார். தோப்பும்படி வரை போய் வந்தார், ஒரு தடவைகூடச் சாடவில்லை. வீட்டுக்காரர் ஓட்டினார். சாடியது. முருகேசன் மறுபடி பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. லீவரில் இருந்து பாக்ஸுக்குப் போகும் கம்பிகளை, புஷ்களைச் சரிபார்த்தார். அவர் ஓட்டினால் நிற்கிறது... இவர் ஓட்டினால் கழல்கிறது. இதற்கு எந்த பார்ட்ஸை மாற்றுவது?

குரூப்பில் விஷயம் பரவியது. முருகேசனிடம் வண்டி கொடுப்பதாக இருந்த ஒருவர், "சாருடையது முடியட்டும், பார்த்துட்டுத் தர்றேன்" என்று எழுதினார். நாகரிகமான வரிதான். ஆனால் அதைப் படித்தபோது முருகேசனின் முகத்தைப் பார்த்தேன். அன்று சட்டையில் கறை இருந்தது. பாவமாகிவிட்டது எனக்கு.

கடைசியாக ஒரு சோதனை ஓட்டம். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில். முருகேசன் பக்கத்தில், கண்ணை மூடி, தலையைக் குனிந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபடி. நான் பின் ஸீட்டில்.

இத்தனை வருடத்தில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். முன்னால் இருந்தால் ரோட்டைப் பார்ப்போம். பின்னால் இருந்தால் ஓட்டுகிறவரைத்தான் பார்க்க முடியும். பார்த்தேன்.

வீட்டுக்காரர் மூன்றாவது கியரைப் போட்டார். பாதி தள்ளினார். கையை எடுத்துவிட்டார்.

தண்ணீர்த் தம்ளரை நீட்டுகிறவர், வாங்குகிறவர் பிடித்திருப்பார் என்ற நம்பிக்கையில் விரலை விடுவாரே... அப்படி விட்டார். வாங்குவதற்கு அங்கே கை இல்லை. டக்.

அப்போதுதான் புரிந்தது. நான் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மீதிப் பாதியைத் தள்ளியதே நான்தான்! அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"போதும் முருகேசா. குரூப்பிலே சொல்லிடறேன், சரியாகலைன்னு. வேற ஆளைப் பார்க்கணும்" என்று வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டி, போனை எடுத்து, வாய்ஸ் மெசேஜ் அனுப்ப விரலை வைத்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் கியர் சாடிக்கொண்டே இருக்கும். கும்பளங்கிக் காற்று எனக்கே. யோசித்தேனா? யோசித்தேன். முருகேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கியரை முழுசாத் தள்ளுங்க" என்றேன்.

"தள்ளிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல. பாதிதான் தள்றீங்க. மீதியை இத்தனை நாளா நான் தள்ளிட்டு இருந்தேன்."

வீட்டுக்காரர் போனை வைத்தார். வண்டியை எடுத்தார். ஒன்று, இரண்டு... மூன்றாவதை அதன் கடைசி வரை தள்ளினார். துறைமுகம் இருக்கும் ஐலண்ட் முழுக்கச் சுற்றி வந்தோம். சாடவில்லை.

வழியில் நிறுத்தி மூன்று பேருக்கும் சாயா வாங்கினார். முருகேசனின் தம்ளரைத் தானே எடுத்துக் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை, இப்படித்தான் கேட்போம். அன்றே குரூப்பில், "தவறு ஓட்டுநருடையது, பாக்ஸ் முதல் தரம்" என்று எழுதினார். அதற்கு மட்டும் அவருக்கு ஒரு சல்யூட்.

முருகேசன் சாயாவைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவை பிரிச்சேன் சேச்சி. இது அதுக்குள்ளே இல்லையே."

யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒருவர் ஈரத் துண்டை நாற்காலி வரை கொண்டுவருவார், அது கொடிக்கு எப்படியோ போய்ச் சேரும். நான் மட்டும் என்ன? "அவர்தாங்க... அந்த நீலக் கேட்டு வீடு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவேன், பெயரை வீட்டுக்காரர் சொல்வார். எனக்குப் பெயர்கள் நினைவில் நிற்பதாகவே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, முன் ஸீட்? அது ராஜி அக்காவுக்குப் போனது. மூன்று பேர் உட்காரும் ஸீட்தான், ஆனால் அவர் காலை நீட்டினால் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒருமுறை கும்பளங்கிக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். கை மடியில் சும்மா கிடந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அழுகை வந்துவிட்டது. ஒரு வேலை போனதுபோல இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். "அடுத்த தடவை நான் ஓட்டறேன்."

கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ். புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தேனே தவிர ஓட்டியதில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஓட்டட்டும்டா. பாதிக் கியர் இப்பவே அவளுக்குத் தெரியுமே" என்றார் ராஜி அக்கா. ஞாயிறு காலைகளில் ஐலண்டின் காலி ரோட்டில் பழகினேன்.

போன வாரம் கும்பளங்கி போனோம். ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் காலை நீட்டியபடி ராஜி அக்கா. பின்னால் வீட்டுக்காரர். பெரும்படப்புப் பாலம் வந்தது. மூன்றாவது கியரை முழுசாகத் தள்ளினேன். கழலாமல் நின்றது. இரண்டு பக்கமும் காயல், நல்ல காற்று.

பின்னால் சத்தமே இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்காரர் என் ஸீட்டின் விளிம்பை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிடித்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?