பள்ளி மைக்கில் ஒரு ஸ்கூட்டர் அறிவித்தல்

போன வருடம், நெல் வெட்டு முடிந்து வயல்களில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை. காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில்தான் இது தொடங்கியது. முடிந்தது எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மைக்கில்.

எனக்குச் சாய்ந்தமருது. சம்மாந்துறைப் பக்கம் எருமைத் தயிர் எடுத்து வந்து இங்கே கடைகளுக்குப் போடுவது என் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கூச்ச சுபாவம் வேறு. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் சலாம் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிற ஆள் நான். கலியாண வீட்டில் இன்னொரு கரண்டி கறி கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஊர் முழுக்கக் கேட்கக் கதைக்க வேண்டி வந்தது.

அன்று என் மோட்டார் சைக்கிள் திருத்தக் கிடந்ததால் மகளின் மின்சார ஸ்கூட்டரை எடுத்துப் போயிருந்தேன். எங்கள் பகுதியில் இப்போது பெண்கள் அதிகம் ஓடுவது இந்த வண்டியைத்தான். பெட்ரோல் வரிசையில் நின்று அலுத்துப்போன காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மகளின் வண்டி முன்னால் வட்ட லைட்டோடு பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது.

தயிர்ச் சட்டிகளைப் பின்னால் பெட்டியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். முன்னால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் மணல் டிப்பர் ஒன்று ஹோன் அடித்தபடி வந்தது. அதற்கு வழி விடலாமென்று ஓரத்துக்கு எடுத்தேன். வீதியோரத்துச் சின்னப் பள்ளத்தில் முன்சில்லு இறங்கியது. படார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஹேண்டில் என் கையில் இருக்கிறது, சில்லு தனியாக உருண்டு வயலுக்குள் போகிறது. நான் வைக்கோலில் குப்புற விழுந்து கிடக்கிறேன். தயிர் முழுக்க என் மேல்.

டிப்பர் என்னைக் கடந்து போன காற்று முதுகில் பட்டது. உழவு இயந்திரம் மெதுவாகப் போனதால் நானும் மெதுவாகப் போனேன். இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த காரைதீவு விவசாயி ஒருவர் ஓடி வந்து என்னைத் தூக்கினார். கை, கால் எல்லாம் அசைத்துப் பார்க்கச் சொன்னார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடும் 'காக்கா' என்ற சொல்லாலேயே என்னைக் கூப்பிட்டார்.

"என்ன காக்கா, ஊருக்கெல்லாம் தயிர் குடுக்கிற நீங்க, இண்டைக்கு எல்லாத்தையும் தலையில ஊத்திக் குளிச்சிட்டீங்களே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் எடுத்து வந்த முன்சில்லைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சில்லைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கால் இரண்டும் முறிந்திருந்தன. முறிந்த வாயில் பாதி பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மற்றப் பாதி கறுத்து, துரு ஏறி இருந்தது.

"இது இண்டைக்கு முறிஞ்ச முறிவில்ல," என்றார் அவர். "முந்தியே வெடிச்சுக் கிடந்திருக்கு."

மகளுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் அழுதாள். "வாப்பா, உங்களுக்கு ஒண்டும் இல்லையே? உண்மையாச் சொல்லுங்க," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ஏதோ நினைவு வந்து சொன்னாள்.

"வாப்பா, கொஞ்ச நாளைக்கு முன்ன கம்பனியில இருந்து இங்கிலீசில ஒரு மெசேஜ் வந்த. விளம்பரமாக்கும் எண்டு வாசிக்காமலே அழிச்சுப்போட்டன். பொறுங்க, வண்டி எடுத்த கல்முனைக் கடைக்குக் கேட்டுட்டு எடுக்கிறன்."

அவள் திரும்ப எடுத்துப் படபடவென்று சொன்னாள். அந்த வகை வண்டியின் முன்கால் இரும்பில் குறை இருப்பது தெரிந்து, எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, மாற்றித் தருவதாகக் கம்பனி அறிவித்திருக்கிறதாம். மாற்றும் வரை ஓட வேண்டாம் என்றும் அந்த மெசேஜில் இருந்ததாம். கடையில் வண்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் பக்கத்துப் பெண்கள். கொண்டு வந்தவர்கள் மிகச் சிலர்தானாம். எல்லோரும் என் மகளைப் போல விளம்பரம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

"வாப்பா," என்றாள் மகள், "எதிர் வீட்டு டீச்சர்ட வண்டியும் நம்மடதும் ஒரே நாள்ல எடுத்தது. டீச்சர் இண்டைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு ரெண்டு புள்ளைகளையும் ஏத்திக்கிட்டுச் சம்மாந்துறைக்குப் போறா, மாமி வீட்ட. நீங்க விழுந்த அதே ரோட்டால."

டீச்சரின் சின்ன மகள் எப்போதும் முன்னால், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். முன்சில்லு கழன்றால் முதலில் வீதியில் விழுவது அந்தப் பிள்ளை.

டீச்சரின் போனுக்கு மகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். மணி போகிறது, எடுக்கிறார் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது சத்தத்தை நிறுத்தி வைப்பவர் அவர்.

அந்த விவசாயி வீதியில் வந்த ஓட்டோ ஒன்றை மறித்து என்னை ஏற்றினார். முறிந்த சில்லை மடியில் வைத்துக்கொண்டேன். "வண்டியை நான் பாத்துக்கிறன். நீங்க அந்தப் பிள்ளையளப் பாருங்க," என்றார். வழி நெடுக எதிரே வரும் ஸ்கூட்டர்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். டீச்சர் வரவில்லை. சாய்ந்தமருதில் டீச்சர் படிப்பிக்கிற பள்ளிக்கூட வாசலில் இறங்கிக் காவலாளியிடம் கேட்டேன்.

"இப்பதான் போறா காக்கா. மாமிக்குப் பழம், இனிப்பு வாங்கிக்கிட்டுப் போகணும் எண்டு சொன்ன."

பிரதான வீதி முழுக்கக் கடைகள். எந்தக் கடையில் போய்த் தேடுவது? டீச்சர் மட்டுமா, அந்த வண்டியில் இன்னும் எத்தனை பெண்கள் அந்த நேரம் ஓடிக்கொண்டிருப்பார்கள்? வீதியில் நின்று பெண்களைக் கைகாட்டி நிறுத்துகிற ஆளா நான்? தயிர் வழிகிற சட்டையோடு நிறுத்தினால் யார் நிற்பார்கள்?

அப்போதுதான் எதிரே பள்ளிவாசல் மினாராவும் அதன் உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கியும் கண்ணில் பட்டன.

தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"என்ன காக்கா இது கோலம்? ஆரு மௌத்து?"

எங்கள் ஊரில் பாங்கு இல்லாத நேரத்தில் ஒருவர் மைக் கேட்டு ஓடி வந்தால் அது யாரோ இறந்த செய்தியைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தலுக்குத்தான்.

"ஒருத்தரும் மௌத்தாகல்ல. மௌத்தாகக் கூடாது எண்டுதான் வந்திருக்கன்," என்றேன்.

சொன்னேன். அவர் பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாருக்குப் போன் போட்டு என் கையில் தந்தார். ஹாஜியார் முழுதாகக் கேட்காமலே மறுத்தார்.

"ஸ்கூட்டர் கம்பனிக்கெல்லாம் பள்ளி மைக்கில விளம்பரம் போட ஏலாது. நாளைக்கு ஐஸ்கிறீம்காரனும் வந்து நிப்பான்."

வழக்கமாக அந்த இடத்தில் நான் "சரி ஹாஜியார்" என்று போனை வைத்திருப்பேன். அன்றைக்கு என்ன வந்ததோ தெரியாது.

"ஹாஜியார், முறிஞ்ச சில்லு என்ட கையில இருக்கு. இதே வண்டியில ஒரு உம்மா ரெண்டு புள்ளைகளோட இப்ப ரோட்டில போறா. இப்பச் சொல்ல விடாட்டி, அந்தப் புள்ளைகள்ற ஜனாஸாவத்தான் பின்னேரம் இந்த மைக்கில சொல்ல வேண்டி வரும்."

"மோதினார்ட குடுங்க," என்றார் ஹாஜியார். மோதினார் "ஓம் ஹாஜியார், ஓம்" என்று சொல்லியபடியே மைக்கைப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க," என்றேன்.

"நானா? நான் வாயத் திறந்தா மௌத்துக்குச் சொல்ற 'இன்னா லில்லாஹி'தான் வரும். சில்லு, கம்பி எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். கதைங்க காக்கா!"

மைக்கை வாங்கினேன். நான் மூச்சு விட்டதே வெளியில் பெரிய சத்தமாகக் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். இது ஒரு அவசர அறிவித்தல். ஜனாஸா அறிவித்தல் இல்ல. கல்முனைக் கடையில எடுத்த, முன்னுக்கு வட்ட லைட் உள்ள கரண்ட் ஸ்கூட்டர் வெச்சிருக்கிற ஆக்கள் தயவு செஞ்சு ஓடாதீங்க. முன்சில்லப் பிடிக்கிற இரும்பு முறியிது. இண்டைக்கு எனக்கு முறிஞ்ச. கம்பனி சும்மா மாத்தித் தருது. ரெண்டு புள்ளைகளோட சம்மாந்துறைக்குப் போற டீச்சர், நீங்க எங்க நிண்டாலும் அந்த இடத்திலேயே இறங்குங்க. புள்ளைகள இறக்குங்க."

மூன்று தரம் சொன்னேன். முதல் தரம் என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் தரம் நடுக்கம் போய்விட்டிருந்தது.

வெளியே வந்து படியில் நின்றேன். யாருக்குக் கேட்டிருக்கும், யார் நம்பியிருப்பார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. அப்போது தெற்கே மாளிகைக்காட்டுப் பக்கமிருந்து இன்னொரு பள்ளியின் மைக் பேசத் தொடங்கியது. "கரண்ட் ஸ்கூட்டர்... வட்ட லைட்... டீச்சர், அந்த இடத்திலேயே இறங்குங்க..." ஹாஜியார் தன் வீட்டிலிருந்தே மற்றப் பள்ளிகளுக்குப் போன் போட்டிருக்கிறார்! கொஞ்ச நேரத்தில் வடக்கே கல்முனைக்குடிப் பக்கமும் ஒரு மைக் சொல்லியது. நான் சொன்ன சொல் கடற்கரை நெடுக ஒரு மினாராவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. படியில் நின்றபடி அழுதுவிட்டேன்.

பிறகு வீதியில் கண்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அபாயா உடுத்த பெண்கள் ஒவ்வொருவராக ஸ்கூட்டரை விட்டு இறங்கி, கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓட்டோக்காரர்கள் ஓடிப் போய் உதவினார்கள். ஒரு பெண் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"மைக்கில கதைச்சது நீங்களா காக்கா? நல்லாச் சொன்னீங்க! இத இன்னும் கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தா நான் வீட்டில இருந்து வெளிக்கிட்டே இருக்க மாட்டனே!"

அந்த நேரம் மகளின் போன் வந்தது. "வாப்பா, டீச்சர் போன் எடுத்துட்டா! வண்டிய நிப்பாட்டிட்டா!"

காரைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழக்கடை. டீச்சர் வாழைப்பழச் சீப்பை ஹேண்டிலில் கொழுவிவிட்டு, பிள்ளைகளை ஏற்றிச் சாவியைத் திருப்பும்போது மாளிகைக்காட்டு மைக் சொல்லியிருக்கிறது. தலையில் தலைக்கவசம், பக்கத்தில் பஸ் சத்தம். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பழக்கடைக்காரர்தான் ஓடி வந்து வண்டியின் முன்னால் நின்றிருக்கிறார். "டீச்சர், இது வட்ட லைட்தானே? இறங்குங்க. உங்களத்தான் சொல்லுது," என்று சாவியையே பிடுங்கிவிட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துக் கராஜ்காரர் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கால் இரும்பில் பெயின்ற் மயிரிழைபோல வெடித்திருந்தது. ஆட்கள் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, அவர் ஹேண்டிலைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். டக் என்று ஒரு கால் விட்டுவிட்டது. சுற்றி நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் "அல்லாஹு அக்பர்" என்றார்கள். டீச்சர் சின்ன மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளை மட்டும் என் சட்டையைக் காட்டி, "உம்மா, இவருக்கு ஏன் தயிர்?" என்று கேட்டது.

அடுத்த கிழமை கம்பனி ஆட்கள் பாகங்களோடு எங்கள் ஊருக்கே வந்தார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் இடம் கொடுத்தவர் அதே ஹாஜியார்தான். வரிசையாக வண்டிகள் நின்றன. இன்னும் பலவற்றில் வெடிப்பு இருந்தது. அந்த அறிவித்தலுக்குப் பிறகு ஒன்றுகூட வீதியில் முறியவில்லை. அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'மைக் காக்கா'. என் மனைவி மட்டும், "வீட்டில வாயத் திறக்காத மனுசன், ஊருக்கே கதைச்சிட்டு வந்திருக்கார்," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது யார் வண்டி எடுத்தாலும், அந்த வகையில் ஏதும் குறை அறிவித்திருக்கிறார்களா என்று கடையில் கேட்டு வைக்கும்படி சொல்கிறேன். கம்பனியிலிருந்து விளங்காத மொழியில் ஒரு மெசேஜ் வந்தால் விளங்குகிற ஒருவரிடம் காட்டிவிட்டு அழியுங்கள் என்கிறேன். வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறேன். கூச்சம் என்னை விட்டுப் போய்விடவில்லை. இன்றும் கூட்டத்தைக் கண்டால் ஓரமாகத்தான் நிற்கிறேன். ஆனால் எதிர் வீட்டு வாசலில் அந்த இரண்டு பிள்ளைகளும் சண்டை பிடித்து விளையாடுகிற சத்தம் கேட்கும் போதெல்லாம், அன்றைக்கு வாயைத் திறந்தேனே என்ற நிறைவு என் நெஞ்சை நிமிர்த்திவிடுகிறது.