காக்கிச் சட்டையில் மலையேறிய பால்பாண்டி

போடியில் எங்கள் தகரக் கொட்டகையில் மூன்று வருஷம் ஒரு போலீஸ் நாடகம் ஓடியது. பால்பாண்டி இன்ஸ்பெக்டர், ஏலக்காய்த் திருடன் நான். "கையைத் தூக்குடா!" என்று அவன் துப்பாக்கியை நீட்டினால், சிலமலை ஊர் வண்டிக்காரர்கள் எழுந்து நின்று விசில் அடிப்பார்கள். பகலில் கடைத்தெருவிலும் அவனுக்குச் சலாம் வைப்பார்கள். படுபாவி, அதையெல்லாம் அவன் நிஜமென்றே நம்பிவிட்டான்.

ஐம்பத்தாறில் அடுத்த தெருவுக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. எங்கள் பெஞ்சுகள் காலியாயின. முதலாளி சீனிச்சாமி கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தச் சனிக்கிழமை கொட்டகை நெறையலேன்னா நாடகத்தை நிறுத்திப்புடுவேன் அப்பு."

பால்பாண்டிக்கு வேறு சோலி தெரியாது. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். சனிக்கிழமை மத்தியானம் எஸ்டேட் ஆட்கள் சந்தைக்காக மலையிறங்குவார்கள். அவர்களைக் கையோடு அழைத்துவர என்னையும் இழுத்துக்கொண்டு குரங்கணி மலைப்பாதைக்குக் கிளம்பினான். அதுவும் எப்படி? தொப்பி, பூட்ஸ், காக்கி என்று முழு வேஷத்தில்!

"வேணாம்டா" என்றேன்.

"இதப் பாத்தாத்தாண்ணே கூட்டம் வரும்."

அந்த வாரம்தான் எஸ்டேட்டுக்குப் போலீஸ் வந்து சோதனை போட்டு, ஏலக்காய் திருடியதாக நாலு பெண்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பாதை வளைவில் காக்கியைக் கண்டதும், முன்னால் வந்த எஸ்டேட் கூலிக்காரி ஒச்சம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓடையில் உதறினாள். பின்னால் வந்தவர்களும் உதறினார்கள். வீட்டுக்கென்று ஆளுக்கொரு பிடி முடிந்து வந்த ஏலக்காய் தண்ணீரோடு போனது.

இவனோ சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினான். "ஆத்தா, நான்தான், நாடகத்து இன்ஸ்பெக்டரு! சாயங்காலம் வெரசா வந்துருங்க!"

"பிள்ளைக்கு மருந்துக்குன்னு முடிஞ்சு வச்சிருந்தேன்டா பாவி! ஒன் நாடகம் நாசமாப் போக!" என்று ஒச்சம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் பதினோரு பேர். மலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பாதி நாடகத்திலேயே சீனிச்சாமி திரையை இறக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் வாசலில் இருந்த விளம்பரத் தட்டியையும் கழற்றினார்கள்.

பிழைப்புக்கு நாங்கள் இருவரும் அதே எஸ்டேட்டில் சேர்ந்தோம். முதல் நாள் வேலை முடிந்து சோதனைக்காக வாசலில் வரிசையாக நின்றபோது, பால்பாண்டியைப் பார்த்துக் காவல்காரன் சொன்னான்: "கையைத் தூக்குடா."

பால்பாண்டி கையைத் தூக்கினான். பின்னால் ஒச்சம்மாள் நின்றிருந்தாள். சிரித்துவிடுவாளோ என்று பயந்து திரும்பினேன். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. அடுத்து தன் முறை என்று முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.